பலாப்பழத்துக்கு சீட் பெல்ட்

எங்கள் ஊர் மாப்பிள்ளை ஒருவரின் கல்யாணம், தாலி கட்டப் போகும் நேரத்தில் நின்று போனது.

பதறாதீர்கள். போன முகூர்த்தத்தில் அல்ல. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால். மாப்பிள்ளை பெயர் சுந்தரர். சொந்த ஊர் திருநாவலூர். பெண் வீடு புத்தூர். பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, இந்தப் பையன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்று வம்பு பண்ணினார். மாப்பிள்ளைக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அலட்டிக் கொள்ளவே இல்லை. கிழிந்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்றார். கிழவர் யார், கேஸ் எப்படி முடிந்தது என்பதெல்லாம் பெரியபுராணம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கதைக்கும் என் காருக்கும் சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

திருநாவலூர்தான் எனக்கும் சொந்த ஊர். நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான்தான் ஒவ்வொரு முறையும் விண்ணப்பத்தில் அடித்து எழுதுகிறேன். பிழைப்பு சென்னையில். எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு எக்ஸெல் ஷீட்டில் கூட்டல் போடுகிற உத்தியோகம்.

கார் வாங்கினேன். செகண்ட் ஹாண்ட். 2019-ஆம் வருஷத்து வண்டி.

''டாக்டர் வண்டி ஸார்'' என்றார் புரோக்கர். தமிழ்நாட்டில் விலைக்கு வரும் பழைய கார் எல்லாமே டாக்டர் வண்டிதான். அத்தனை டாக்டர்கள் இருந்தும் ஜி.எச்.சில் ஏன் க்யூ நிற்கிறது என்பது விளங்காத மர்மம்.

''மீட்டர் போர்டைப் பாருங்க. ஒரு வார்னிங் லைட் எரியுதா? ஒண்ணு?''

எரியவில்லை. கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்துக்காகவே பேரம் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தேன்.

*

மே மாசம். லீவு. மனைவி, ஆறு வயசு மகள், நான். ஊருக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் மனைவி. அவள் மடியில் மகள். ஏ.ஸி. காற்று முன்னால்தான் ஜோராக வருகிறது என்பது மகளின் ஆராய்ச்சி முடிவு.

திருச்சி நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப் பக்கம் திரும்பினேன். ஓர் ஆடு குறுக்கே வந்தது. சும்மா வரவில்லை. நடு ரோட்டில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, அசை போட்டது. ஹாரனை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. பிரேக்கை மிதித்தேன். அதே நேரத்தில் என் இடது கை, நான் சொல்லாமலே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மகளின் நெஞ்சுக்கு முன்னால் போய் நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. ஆடு தன் வழியே போனது. மகள், ''அப்பா, திரும்ப ஒரு வாட்டி'' என்றாள்.

மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் தம்பி. முப்பது வருஷமாகப் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். டிராக்டர் ஸெல்ஃப் மோட்டார், டைனமோ, லாரி ஒயரிங் எல்லாம் பார்ப்பார். படிப்பு எட்டாவது. ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசி எனக்கு ஆபீஸில் கிடையாது.

''புது வண்டியா மாப்ள? சாவியக் குடு'' என்றார். ஓட்டிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸீட்டில் உட்கார்ந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஒரு திருகு மட்டும் திருகிவிட்டு மீட்டர் போர்டையே பார்த்தார். அணைத்தார். மறுபடி திருகினார். ஜோஸ்யர் கட்டத்தைப் பார்க்கிற முகம்.

''இதுல ஏர்பேக் இருக்குதுல்ல?''

''ரெண்டு இருக்கு மாமா.''

''அப்ப அதுக்கான லைட்டு எரியலியே?''

எனக்குச் சிரிப்பு வந்தது. ''எரியலைன்னா நல்லதுதானே மாமா? ஃபால்ட் இருந்தாத்தானே எரியும்?''

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?''

*

விஷயம் இதுதான். சாவியைப் போட்டதும், உட்கார்ந்த மனிதனுக்கு முன்னால் பந்து ஒன்று இருப்பது போல் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று எரிய வேண்டும். ஆறேழு விநாடி எரிந்துவிட்டு அணைய வேண்டும். அந்த நேரத்தில் ஏர்பேக்கின் கண்ட்ரோல் யூனிட் தன் ஒயர்களையெல்லாம் ஒருமுறை சரி பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் விளக்கை அணைக்கிறது.

அணையாமலே எரிந்தால் கோளாறு. அடி விழும் நேரத்தில் பை விரியாமல் போகலாம். எரியவே இல்லை என்றால்? அது அதைவிட மோசம். ஆஜர் சொல்ல வேண்டிய பையன் வாயையே திறக்கவில்லை என்று அர்த்தம்.

''ஹாரன் எப்படி?'' என்றார் மாமா.

''ஒரு சமயம் அடிக்கும், ஒரு சமயம் அடிக்காது. அதுக்கு மூட் வரணும்.''

அவர் ஸ்டியரிங்கை நேராக வைத்து ஹாரனை அழுத்தினார். அடித்தது. இடது பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு அழுத்தினார். மௌனம். வலது பக்கம் சுற்றி அழுத்தினார். அடித்தது.

''மூடெல்லாம் இல்ல. உள்ள ஒயர் அறுந்துகிட்டு இருக்குது'' என்றார்.

பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, டீ குடிக்கிற நேரம் சும்மா இருந்துவிட்டு, மீட்டர் போர்டைக் கழற்றினார். உள்ளே, அந்தச் சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப். அழகாக, சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தது. வேலை தெரிந்த கை.

டேப்பை உரித்தார். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. ஆறு விநாடி ஆயிற்று. அறுபது விநாடி ஆயிற்று. அணையவே இல்லை.

மூன்று மாசமாக நான் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். இந்த மூன்று மாசமும் அந்த விளக்கு டேப்புக்குப் பின்னால் இருட்டில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

''ஓலையக் கிழிச்சுட்டாங்க'' என்றார் மாமா. எங்கள் ஊரில் எதற்கும் சுந்தரர் கதைதான் உவமை. ''கிழிச்சா கடன் தீந்துடுமா? மூல ஓலை உள்ள இருக்குதுல்ல, அந்தப் பொட்டியில!''

*

இந்த இடத்தில் என்னுள் இருந்த இன்ஜினீயர் விழித்துக்கொண்டான். பட்டறையில் மல்டிமீட்டர் இருந்தது. எடுத்தேன். ஸ்டியரிங் அடியில் மஞ்சள் கலர் ஒயர் தெரிந்தது. கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனையையும் வைத்து, ஓம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. செகண்ட் இயர் லேப் எக்ஸ்பெரிமெண்ட்.

குனிந்தேன். புறங்கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. மாமா என்னைக் கடைசியாக அடித்தது நான் அஞ்சாவது படிக்கும்போது, கிணற்றை எட்டிப் பார்த்ததற்காக.

''மஞ்ச ஒயர்ல கைய வைக்காத.''

''மாமா, மீட்டர்லேர்ந்து மில்லி ஆம்பியர்தான் போகும்...''

''மீட்டர் எந்தப் பாயிண்ட்ல இருக்குதுன்னு பாத்தியா? ஓட்ட மீட்டர் அது. மில்லிதான் போவும்னு உனக்கு யார் சொன்னா, அதுவே சொல்லிச்சா? ஸ்டியரிங்குக்குள்ள ஒரு சிவகாசி இருக்குதுடா!''

அவர் சொன்னது உவமை அல்ல, உண்மை. ஏர்பேக் என்றால் காற்று அடைத்த தலையணை மாதிரி ஏதோ உள்ளே மடித்து வைத்திருக்கிறது என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காற்றெல்லாம் இல்லை. மடித்த பையும், எரிந்தால் வாயுவாக மாறுகிற வில்லைகளும், அவற்றைக் கொளுத்த ஒரு சின்னத் திரியும் இருக்கின்றன. திரி என்பது மின்சாரத் திரி. அதன் ரெசிஸ்டன்ஸ் இரண்டு ஓம் சுமாருக்கு. கண்ட்ரோல் யூனிட் அதில் கரண்ட்டை அனுப்பினால் வில்லைகள் பற்றிக்கொள்ளும். சுமார் 30 மில்லி செகண்டில் பை விரிந்து நிற்கும். நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

அந்தத் திரிக்குக் கரண்ட் கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து வந்ததா, மல்டிமீட்டரிலிருந்து வந்ததா, டெஸ்ட் லாம்ப்பிலிருந்து வந்ததா என்ற பேதம் தெரியாது. அதனால்தான் ஏர்பேக்கை மீட்டர் வைத்து அளக்கவே கூடாது என்று கார் கம்பெனிகளின் ஒர்க்ஷாப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன. கையில் தப்பித் தவறி சட்டையின் உராய்வு மின்சாரம் இருந்தால்கூட ஆபத்து என்பதால், மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். கனெக்டரைக் கழற்றின உடனே அது இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பாட்டரியைக் கழற்றிவிட்டு மாமா டீ குடிக்கப் போனதற்கும் காரணம் இதுதான். விபத்தில் பாட்டரி நொறுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குள் ஒரு கெபாசிட்டர் கரண்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்தந்த வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும்.

''இது எல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா மாமா?''

''தெரியாத வேலைய எடுத்தா மொதல்ல எதத் தொடக்கூடாதுன்னு கேட்டுக்குவேன். மத்தது தானா வரும்'' என்றார். ''மீட்டர் போர்டு வரைக்கும் என் வேல. அதுக்கு அப்பால தொடமாட்டேன். உளுந்தூர்பேட்டைல ஒரு தம்பி இருக்கான். வரச் சொல்றேன்.''

*

தம்பி பைக்கில் வந்தான். தோளில் பை. பையில் ஸ்கேனர். இஞ்சி மரப்பா சாப்பிடும் வயசில் இருக்கும் எனக்கு அவனைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் தளர்ந்தது. மீசை இப்போதுதான் வரலாமா என்று யோசிக்கிறது.

''என்கிட்டயே ஒண்ணு இருக்கு தம்பி'' என்று, ஆன்லைனில் வாங்கிய, செல்போனோடு பேசும் குட்டி ஸ்கேனரைப் பெருமையாக நீட்டினேன்.

''இது இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் சார். ஏர்பேக் பொட்டிகூடப் பேசாது. இதுல ஃபால்ட் இல்லேன்னு வந்தா, கேக்கவே இல்லேன்னு அர்த்தம்'' என்றான். பரவாயில்லை, மீசைக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

அவன் ஸ்கேனர் பேசியது. இரண்டு கோடு வந்தது. ஒன்று, டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம். இன்னொன்று, முன்பக்கத்துப் பயணி ஸீட்டின் பெல்ட் பிரிடென்ஷனர் சர்க்யூட்டில் கோளாறு.

''டிரைவர் ஏர்பேக் போச்சா? எத்தனை ஆயிரம்?''

''கோடு தெருப் பேரைத்தான் சார் சொல்லும். கதவு நம்பரைச் சொல்லாது. பெட்டிலேர்ந்து பை வரைக்கும் மொத்த லைனும் அந்தத் தெருதான். எந்த வூட்ல தகராறுன்னு நாமதான் பாக்கணும்.''

ஸ்கேனரிலேயே அந்த லைனின் ரெசிஸ்டன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் யூனிட் தானே அளந்து சொல்லும் கணக்கு. அதில் ஆபத்து இல்லை. ஸ்டியரிங் நேராக இருந்தபோது இரண்டு ஓம் சொச்சம். இடது பக்கம் மெதுவாகத் திருப்பினான். எண் தடதடவென்று ஏறி, அறுந்த லைன் என்று காட்டியது. ஹாரன் செத்துப் போகிற அதே இடம்.

''கிளாக் ஸ்பிரிங்'' என்றார்கள் மாமாவும் தம்பியும் ஒரே குரலில்.

ஸ்டியரிங் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் ஒயர் போக வேண்டும். நேர் ஒயர் போட்டால் முறுக்கி அறுந்துவிடும். அதனால் டெய்லர் இஞ்ச் டேப்பைச் சுருட்டி வைத்த மாதிரி, தட்டையான ஒரு நாடாவை ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் திரும்பும்போது அது சுருளும், விரியும். இரண்டு பக்கமும் இத்தனை சுற்றுதான் என்று கணக்கு. யாராவது ஸ்டியரிங்கைக் கழற்றி, நாடாவை நடுவில் நிறுத்தாமல் மாட்டிவிட்டால், ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போது இழுபட்டுக் கிழியும்.

என் வண்டியில் ஸ்டியரிங் மேல் பாட்டு மாற்றுவதற்குப் பட்டன்கள் இருக்கின்றன. கம்பெனி போட்டதில்லை, முன்பு யாரோ வெளியில் போட்டுக்கொண்டது. 'டாக்டர்' பாட்டுக் கேட்டிருக்கிறார்.

''ரெண்டாவது கோடு?'' என்றேன். அதையும் அந்த டாக்டர் தலையில் போட ஆவலாக இருந்தேன்.

தம்பி முன் ஸீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். மஞ்சள் கனெக்டர் ஒன்று பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் முட்டுக் கொடுத்தபடி ஒரு டிபன் பை. மூன்று மாசமாக நான் தினமும் காலையில் காலால் உள்ளே தள்ளுகிற என் டிபன் பை. மோதும் கணத்தில் பெல்ட்டைச் சுண்டி இறுக்கிப் பிடிக்க வேண்டிய சாதனத்தின் ஒயரை, தயிர் சாதத்தால் இடித்து இடித்துக் கழற்றியிருக்கிறேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் உட்காரும் ஸீட்.

*

பாட்டரியை மறுபடி கழற்றி, நேரம் விட்டு, அந்தக் கனெக்டரைத் துடைத்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, பூட்டைத் தள்ளினான். ஒரு கோடு தீர்ந்தது. செலவு பூஜ்யம். ஏர்பேக் விளக்கு எரிகிற வண்டிகளில் இப்படி ஸீட்டுக்கு அடியில் முடிகிற கேஸ்கள் நிறைய உண்டாம். நாம் ஸீட்டை முன்னும் பின்னும் தள்ளுவது, காரை உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது, எலியார் வந்து ருசி பார்ப்பது, எல்லாம் அங்கேதான்.

''டேப் ஒட்டினவன் நல்லவன் சார்'' என்றான் தம்பி, பையைக் கட்டிக்கொண்டே.

''என்னது!''

''இதுவாச்சும் பாத்தாத் தெரியும். வெடிச்சுப் போன ஏர்பேக்குக்குப் பதிலா, லைன்ல ரெண்டு ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை முடிஞ்சு விட்ருவாங்க. பெட்டி, பை இருக்குன்னு நம்பிக்கும். லைட்டு ஒழுங்கா எரிஞ்சு ஒழுங்கா அணையும். ஸ்கேனர்லயும் கோடு வராது. மேல மூடி மட்டும் புதுசா இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது.''

ஒரு ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை ஒர்க்ஷாப்பில் சோதனைக்காகச் சற்று நேரம் வைப்பார்கள். பைக்குப் பதில் வைத்ததும் கோடு மறைந்தால் பையில் கோளாறு, மறையாவிட்டால் ஒயரில் கோளாறு என்று கண்டுபிடிக்கத்தான் அது. நல்ல டாக்டர் கையில் கத்தி. அதையே உள்ளே வைத்துத் தைத்துவிட்டால்?

எனக்கு வியர்த்தது. தம்பி மறுபடி ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தான். பை ஒருமுறை விரிந்திருந்தால் பெரும்பாலான கண்ட்ரோல் யூனிட்டுகளில் அந்த விபத்தின் பதிவு உள்ளேயே நிற்கும். சாதாரண ஸ்கேனரால் அழிக்க முடியாது. மாமா சொன்ன மூல ஓலை. என் வண்டியில் அந்தப் பதிவு இல்லை. பெட்டியையே மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். டாஷ்போர்டு இணைப்பு, பெல்ட்டை முழுசாக இழுத்து அதன் அடிப்பகுதி, ஸ்டியரிங் மூடியின் விளிம்பு எல்லாம் பார்த்தான். ''ஒரிஜினல்தான் சார். கிளாக் ஸ்பிரிங் மாத்தும்போது டிரைவர் பை கண்ணால தெரியும், பாத்துக்குங்க.''

பழைய கார் வாங்கப் போகும் நண்பர்களே, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். சாவியைப் போட்டு விளக்கு வந்து போகிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஏர்பேக் வேலை தெரிந்த ஒர்க்ஷாப்பில் ஒருமுறை காட்டுங்கள். நான் அட்வான்ஸ் கொடுத்த பிறகு கற்றுக்கொண்டதை நீங்கள் இனாமாகக் கற்றுக்கொள்கிறீர்கள்.

சட்டம் நமக்குக் குறைவில்லை. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரமும், 80-ஐத் தாண்டினால் முணுமுணுக்கிற எச்சரிக்கையும் அப்போது வந்தவைதான். பக்கத்து ஸீட்டுக்கான ஏர்பேக், புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருஷக் கடைசியிலும் கட்டாயமாயிற்று. ஆனால் சட்டம் ஷோரூம் வாசலில் நின்று டாட்டா காட்டிவிடும். அதற்குப் பிறகு விளக்கைப் பார்க்க வேண்டியது நாம்.

விளக்குக்கும் தெரியாத சங்கதி உண்டு. ஜப்பானின் டகாடா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் போட்ட அம்மோனியம் நைட்ரேட், வெயிலிலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைக் குண்டு மாதிரி சிதறியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி 2017-ல் திவால் மனு கொடுத்தது. இந்த வகைக் கோளாறு ஸ்கேனரில் வராது. கார் கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால், உங்கள் வண்டியைத் திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

*

கிளாக் ஸ்பிரிங் விழுப்புரத்தில் ஆர்டர் போட்டு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

''லீவு எக்ஸ்டெண்ட் பண்ணணும் ஸார். ஏர்பேக் ரிப்பேர்.''

''எந்த பேக்கா இருந்தா என்னய்யா? வேற பேக் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வா'' என்றார் மேனேஜர்.

மனைவியையும் மகளையும் மாமா வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டு விழுப்புரம் போனேன். ஒர்க்ஷாப்பில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மெக்கானிக் பாட்டரியைக் கழற்றி, காத்திருந்து, ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து பையை எடுத்தார். இருந்தது! முன்பக்கம் தன் உடம்புக்கு எதிர்த் திசையில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு நடந்து, மேஜையில் முன்பக்கம் மேலே பார்க்க வைத்தார். கவிழ்த்து வைத்துத் தப்பித் தவறி வெடித்தால், அது ராக்கெட் மாதிரி கூரைக்குப் போய்விடும். மஞ்சள் ஒயரில் எங்கேயும் வெட்டி முறுக்கி டேப் சுற்றவில்லை. புது ஸ்பிரிங்கை நடுவில் நிறுத்தி, குறியைப் பார்த்துப் பொருத்தினார். கோடை அழித்தார். மறுபடி வரவில்லை.

சாவியைத் திருகினேன். விளக்கு எரிந்தது. ஆறு விநாடி. அணைந்தது. பில் ஆறாயிரத்துச் சொச்சம். ஒரு விநாடிக்கு ஆயிரம் ரூபாய் என்றாலும் தகும்.

ஊருக்குத் திரும்பி, பெருமையாகச் சாவியை ஆட்டிக்கொண்டு இறங்கினேன். ''ஏறுடா கண்ணு, ஒரு ரவுண்டு போலாம்.'' மகள் ஓடி வந்து முன் கதவைத் திறந்தாள்.

''மாப்ள'' என்றார் மாமா. ''இனிமேதான் பாப்பா முன்னாடி உக்காரவே கூடாது.''

''ரிப்பேர்தான் ஆயிடுச்சே மாமா?''

''அதான் சொல்றேன்.''

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பெரியவர்கள் பெல்ட் போட்டு, ஸீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்ற கணக்கில் விரிகிற பை அது. வெடித்துக் கிளம்புகிற வேகத்தில் வரும். மடியில் குழந்தை இருந்தால், பைக்கும் தாயின் நெஞ்சுக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழந்தை. பெல்ட் போடாத பெரியவருக்கே அது உதவியைவிட உபத்திரவமாகலாம். பன்னிரண்டு வயசு வரை பின் ஸீட்தான் என்று சொல்வது சும்மா அல்ல. கைக்குழந்தையை முன் ஸீட்டில் பின்பக்கம் பார்க்கிற தொட்டிலில் வைப்பது அதைவிட விபரீதம். மூன்று மாசம் பை வேலை செய்யாது என்று தெரியாமல் ஓட்டினேன். சரியான பிறகு, வேலை செய்யும் என்பதை மறந்து ஓட்டப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி, திண்ணையில், ஜான் ஹெட்ரிக் என்ற அமெரிக்கரைப் பற்றி மனைவிக்குச் சொன்னேன். 1952-ல் மனைவியோடும் ஏழு வயசு மகளோடும் காரில் போயிருக்கிறார். மகள் முன் ஸீட்டில், இருவருக்கும் நடுவில். எதன் மீதோ மோதாமல் இருக்க பிரேக்கை மிதித்திருக்கிறார். அந்தக் கணத்தில் அவருடைய கையும் மனைவியின் கையும் தானாகவே நீண்டு, மகளுக்குக் குறுக்கே போய் நின்றன. கார் பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தவர், அந்தக் கைகளுக்குப் பதிலாக ஏதாவது வேண்டுமே என்று யோசித்து வரைந்ததுதான் ஏர்பேக். 1953-ல் காப்புரிமை கிடைத்தது. கார் கம்பெனிகள் அதை விற்பனைக்குக் கொண்டுவருவதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது.

''ஆடு வந்தப்ப உங்க கையும் அப்படித்தான் வந்துச்சு'' என்றாள்.

ஆமாம். ஆனால் என் கை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கே தாங்காது. அந்த மஞ்சள் ஒயரின் மறு முனையில் இருப்பது, அதைவிடப் பலமான ஒரு கை. அதன் மேல்தான் எவனோ டேப் ஒட்டியிருந்தான். ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம் உட்காரப் போவது யார் என்று அவன் ஒரு விநாடி யோசித்திருந்தால் ஒட்டியிருக்க மாட்டான். நான்கூட டிபன் பையைத் தள்ளியிருக்க மாட்டேன்.

*

கிளம்பினோம். மகளுக்குப் பின் ஸீட். பயங்கர அழுகை. சமாதானத்துக்காக மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். மாமா பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கி வந்து, காலியாக இருந்த முன் ஸீட்டில் வைத்தார்.

சாவியைத் திருகினேன். வண்டி 'பீங் பீங்' என்று கத்த ஆரம்பித்தது. பலாப்பழத்தின் கனத்தை ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்கிறது. வேறு வழியில்லாமல் பலாப்பழத்துக்கு பெல்ட் மாட்டினேன். அமைதி. சென்னை வரை டோல்கேட்டுக்கு டோல்கேட் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த நாட்டில் சட்டத்தை மதித்து, முறுமுறுக்காமல், ஏ.ஸி. காற்றை அனுபவித்தபடி 190 கிலோமீட்டர் பெல்ட்டோடு வந்த ஒரே ஆசாமி அது.

அழுகை செங்கல்பட்டிலேயே நின்றுவிட்டது. மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன்.

இப்போதும் தினமும் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, நான் சாவியைத் திருகினதும், பின் ஸீட்டிலிருந்து தலையை நீட்டி எண்ணுகிறாள்.

''ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு. அணைஞ்சுடுச்சுப்பா. போலாம்.''

அவள் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுகிறேன்.